யார் கடன்?

தகப்பன் பட்ட கடனுக்கு மகன் பொறுப்பு என்பது நம் பழைய தர்மசாஸ்திரம். பாட்டன், கொள்ளுப்பாட்டன் கடன்வரைக்கும் அந்தப் பொறுப்பு நீண்டுகொண்டு போயிற்று. 2005-ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, இனி வாங்கும் கடனுக்கு அந்தத் தர்மத்தை மட்டும் சாக்காக வைத்து மகன்மேல் வழக்குப் போட முடியாது என்று எழுதிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் சாஸ்திரமும் சரி, சட்டமும் சரி, பேசினது ஆண்கள் பட்ட கடனைப் பற்றி. தாய் பட்ட கடனைப் பற்றி எந்த வக்கீலிடம் கேட்பது? அதுவும் அவள் கடன்பட்டது ஒரு தெய்வத்திடம் என்றால்?

இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்காக எழுந்ததல்ல. சென்ற ஆண்டு ஆடி மாதக் கடைசியில் என் தமக்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். பழைய தகரப் பெட்டியை ஒழித்தபோது கிடைத்ததென்று சொல்லி, ஒரு மஞ்சள் துணி முடிச்சை என் மேஜைமேல் வைத்தாள். அவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே ஒரு ரூபாய் நாணயம் இருக்கும். அது யாருக்காக முடியப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும்.

"அம்மா போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு இதை நான் வெச்சுக் காப்பாத்தறது, தம்பி?" என்றாள்.

ஏழு வயதில் எனக்கு விஷஜுரம் கண்டது. மாயவரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். அடுத்த கட்டிலில் என் வயதொத்த பையன் ஒருவன். அவனுக்கும் அதே ஜுரம். அவனுடைய தாய் கத்தோலிக்கப் பெண். எந்நேரமும் கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் மாரியம்மனுக்கும் வைத்தீசுவரன் கோயிலுக்கும் முடிந்து வைத்தாகிவிட்டது, ஜுரம் இறங்கவில்லை. "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்குங்க, அக்கா. ஆரோக்கிய மாதான்னே பேரு" என்று அந்தப் பெண்தான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இருவருமாக, ஒரே இரவில், ஒரே வார்த்தையைச் சொல்லி நேர்ந்துகொண்டார்கள்: பிள்ளை பிழைத்தால் நடந்தே வந்து அவன் தலைமுடியைக் கொடுக்கிறோம்.

நான் பிழைத்தேன். அந்தப் பையன் பிழைக்கவில்லை.

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு நாவலில் இப்படி ஜோடி சேர்த்து எழுதியிருந்தால் நானே அந்தப் பக்கத்தை அடித்துவிடுவேன்; வேண்டுமென்று கட்டி வைத்தது போல் இருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர இங்கே எனக்கு வேறு வழியில்லை.

அம்மா அந்தக் கடனைக் கட்டவில்லை. கட்ட விடவில்லை என்பதுதான் சரி. என் தகப்பனார் பள்ளி ஆசிரியர். கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசியவர் அல்ல. ஆனால் கடவுளிடம் பேரம் பேசுவதை அடியோடு வெறுத்தவர். "மாத்திரை கொடுத்த டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டியா நீ?" என்பார். அதற்குமேல் ஒரு கேள்வி வைத்திருந்தார். "மாதாதான் காப்பாத்தினான்னே வெச்சுக்க. பக்கத்துக் கட்டில் பையனை ஏன் காப்பாத்தலே? அவன் அம்மா மெழுகுவத்தியைக் குறைச்சு ஏத்திட்டாளா?"

அம்மா பதில் பேச மாட்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் மதம் எதையும் நானும் இதுவரையில் சந்திக்கவில்லை.

நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அம்மா என்னிடம் இரண்டு முறை கேட்டாள். "அப்பாகிட்டே சொல்ல வேணாம். ஒருநாள் ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துடுவோம்" என்றாள். அப்போது நான் ஒரு தொடர்கதையில் மும்முரமாக இருந்தேன். மொட்டைத் தலையோடு நாலு பேர் முன்னால் போய் நிற்கும் கூச்சமும் இருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷம் அவள் இல்லை.

ஐதரேய பிராமணத்தில் ஒரு கதை வருகிறது. பிள்ளையில்லாத அரிச்சந்திர மகாராஜா, ஒரு மகனைக் கொடுத்தால் அவனையே உனக்குப் பலியிடுகிறேன் என்று வருணனுக்கு நேர்ந்துகொள்கிறார். ரோகிதன் பிறக்கிறான். வருணன் வந்து கேட்கும்போதெல்லாம் ராஜா தவணை சொல்கிறார். பத்து நாள் ஆகட்டும். பல் முளைக்கட்டும். பால்பல் விழட்டும். மறுபடி முளைக்கட்டும். ஆயுதம் பிடிக்கும் வயது வரட்டும். கடைசியில் கேட்டபோது ரோகிதன், முடியாது என்று சொல்லி வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறான். வருணன் விடவில்லை, ராஜாவுக்கு வயிறு வீங்குகிறது. பிற்பாடு ரோகிதன் நூறு பசுக்களைக் கொடுத்துத் தனக்குப் பதிலாகச் சுனசேபன் என்ற ஏழைச் சிறுவனை விலைக்கு வாங்குகிறான் என்று கதை போகிறது. பைபிளின் பழைய ஏற்பாட்டில் யெப்தா என்ற சேனாதிபதி, யுத்தத்தில் ஜயித்தால் வீடு திரும்பும்போது என் வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதைத் தகனபலியாகக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்கிறான். எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள். அவள் காட்டுக்கு ஓடவில்லை. இரண்டு மாதம் மலையிலே தோழிகளோடு அழுதுவிட்டு வருகிறேன் என்று மட்டும் கேட்கிறாள், திரும்பியும் வருகிறாள்.

பெற்றவர்கள் பட்ட கடன். கொடுக்க வேண்டியது பிள்ளைகளின் உயிர். எனக்கு எப்போதும் ரோகிதன் பக்கம்தான் நியாயமாகப் படும். என்னைக் கேளாமல் என்னை அடகு வைக்க யாருக்கும் உரிமை இல்லை. உயிரானாலும் அதே விதி, தலைமுடியானாலும் அதே விதி. இப்படியெல்லாம் தமக்கையிடம் பேசிவிட்டு முடிச்சை மேஜை இழுப்பறையில் போட்டேன்.

அன்று இரவு தகப்பனார் என் அறைக்கு வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். விளக்கைப் போடச் சொல்லவில்லை. இருட்டிலேயே உட்கார்ந்து பேசினார்.

"போய்க் கட்டிட்டு வந்துடுடா."

"நீங்களா சொல்றீங்க, அப்பா?"

"கடவுள் இருக்காரா இல்லையாங்கிறது வேற. அவ கடனாளியாப் போனா. அப்படிப் போக வெச்சது நான்தானே?"

ஆகவே, ஆவணியில் ஒரு நாள் நான் புறப்பட்டேன். நடந்தே வருவதாக நேர்த்தி. மாயவரத்திலிருந்து நடப்பதற்கு என் முழங்கால் சம்மதிக்கவில்லை. நாகப்பட்டினம்வரை பஸ்ஸில் போய், மீதிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை மட்டும் நடந்தேன். கடனில் பெரும்பகுதியை நானாகவே தள்ளுபடி செய்துகொண்டேன் என்று சொல்லலாம்.

வருஷாவருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி அங்கே கொடியேறுகிறது. செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாளன்று திருவிழா முடிகிறது. அந்த நாட்களில் சென்னையிலிருந்து கடற்கரையோரமாக வரும் சாலை காவி நிறமாக மாறிவிடும். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் என்று ஊர் ஊராகத் தாண்டி ஜனங்கள் நடந்து வருகிறார்கள். கூட்டத்துக்கு ஒரு சிறு சப்பரம், அதில் சேலை கட்டிய மாதா, சீரியல் விளக்கு. காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கிற கிழவிகளைப் பார்த்தேன். கூட்டத்தில் யார் கிறிஸ்தவர், யார் இந்து என்று நெற்றியைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. நாகூர் தர்காவிலும் சிக்கல் முருகனிடத்திலும் கும்பிட்டுவிட்டு அதே பையோடு இங்கே வருகிற குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம்.

வழியில் ஓலைப் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஓர் அம்மாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "இதுவும் நேர்த்திங்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"நேர்த்தி என்ன நேர்த்தி? இவ்வளவு தூரம் நடந்து வர்றாங்க. தாகமா இருக்காதா?" என்றாள். அசட்டுக் கேள்வி கேட்டவனைப் பார்க்கிற பார்வை அது.

வேளாங்கண்ணியின் தலபுராணமே பாலிலும் மோரிலும் தொடங்குவது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எசமானர் வீட்டுக்குப் பால் எடுத்துக்கொண்டு போன பையன் குளக்கரை ஆலமரத்தடியில் கண்ணயர்ந்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண் தோன்றிக் குழந்தைக்குப் பால் கேட்டாள். கொடுத்தான். பால் குறைந்துவிட்டதே என்று எசமானரிடம் மன்னிப்புக் கேட்டபோது பானை நிறைந்து வழிந்தது. இன்னொரு பையன் கால் விளங்காதவன். நடுத்திட்டில் உட்கார்ந்து மோர் விற்றான். அவனிடமும் அந்தத் தாய் குழந்தைக்கு மோர் கேட்டாள். பிறகு நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு பெரியவரிடம் தனக்குக் கோயில் கட்டச் சொல்லுமாறு அனுப்பினாள். எழுந்து ஓடின பிறகுதான் தனக்குக் கால் வந்ததே அவனுக்குத் தெரிந்தது. மூன்றாவது கதை போர்ச்சுக்கீசிய வியாபாரிகளுடையது. மக்காவிலிருந்து இலங்கைக்குப் போன கப்பல் புயலில் அகப்பட்டது. உயிரோடு கரையேறினால் ஏறின இடத்தில் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டார்கள். செப்டம்பர் 8-ல் இங்கே கரையேறினார்கள். சொன்னபடி கட்டினார்கள். அவர்கள் கொண்டு வந்த பீங்கான் தட்டுகள் இன்றைக்கும் பீடத்தில் பதிந்திருக்கின்றன. (புயலில் நேர்ந்துகொள்வது மாலுமிகளுக்கு மட்டும் வழக்கமல்ல. 1505-ல் இடிமழையில் அகப்பட்ட மார்ட்டின் லூதர் என்ற ஜெர்மானிய மாணவர் புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டு துறவியானார். பிற்பாடு துறவற வார்த்தைப்பாடுகளை அவரே பலமாகக் கண்டித்தார். அது வேறு விஷயம்.)

முதல் இரண்டு கதைகளிலும் நேர்த்தியே இல்லை. கேட்கிறவள் மாதா, கொடுக்கிறவர்கள் ஏழைப் பையன்கள். இதற்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை. மூன்றாவது கதைதான் வியாபாரிகளின் கதை. இன்றைக்கு அங்கே வருகிற லட்சக்கணக்கான பேரில் நானும் நீங்களும் யார் வம்சம் என்று பார்த்தால், அந்தக் கப்பல்காரர்கள் வம்சம்தான். காணிக்கைகளை வைத்திருக்கும் மண்டபத்தில் சுற்றி வந்தேன். வெள்ளியில் கை, கால், கண், இருதயம், தொட்டில், வீடு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் ஓர் இரவு யாரோ தூங்காமல் இருந்ததன் ரசீது. கோயிலிலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலாலேயே நடந்து போனார் ஒரு நடுவயது மனிதர். பாண்ட், சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள், பதினாறு வயதிருக்கும், தண்ணீர் பாட்டிலோடு கூடவே போனாள். அவள் முகத்தில் வெட்கமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

நேர்த்தியை வியாபாரம் என்று இகழ்வது சுலபம். லஞ்சம் என்றுகூடச் சொல்கிறார்கள். ஆனால் லஞ்சம் பெரும்பாலும் காரியத்துக்கு முன்னால் கொடுப்பது. நேர்த்தி காரியம் முடிந்த பின் கொடுப்பது. காரியம் முடிந்த பிறகு லஞ்சப் பாக்கியைத் தேடிப் போய்க் கட்டின மனிதனை நான் பார்த்ததில்லை. இந்தக் கடனுக்கு நோட்டு கிடையாது, சாட்சி கிடையாது, ஜப்தி கிடையாது. ஏமாற்ற நினைத்தால் இதைவிட வசதியான கடன் உலகத்தில் இல்லை. அப்படியிருந்தும் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டுகிறார்கள். தமிழில் இந்தச் சொல்லுக்கே இரண்டு முகம் இருக்கிறது. வாங்கினதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். காலைக்கடன் என்கிறோம், அதை யாரிடமும் வாங்கவில்லை.

கோயில் வளாகத்தில் ஓர் இளம் பாதிரியாரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"திருச்சபைச் சட்டப்படி உங்களுக்கு ஒரு கடனும் இல்லீங்க, ஐயா. நேர்ச்சை செய்தவரை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். 1983-ல் வந்த சட்டத் தொகுப்பிலே 1193-ஆவது விதி" என்றார்.

ரோமாபுரியும் ரோகிதனும் ஒரே கட்சி! நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த கட்டில் பையனின் தாயைப் பற்றி அவரிடம் சொன்னேன். அந்த மரணத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, மாயவரம் கடைத்தெருவில் அம்மா அவளைப் பார்த்தாள். தலையில் முக்காடு, விலகினபோது முடி ஓர் அங்குலம்தான் வளர்ந்திருந்தது. "அவன் முடியைத் தர்றேன்னு சொல்லியிருந்தேன். அவன் இல்லே. என்னுதைக் கொடுத்துட்டு வந்தேன், அக்கா" என்றாளாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "சொல்லிட்டேனே" என்றாளாம். பிழைத்தால் தருகிறேன் என்றுதான் பேச்சு, பிழைக்கவில்லை, எந்தக் கடைத்தெருக் கணக்கிலும் அவளுக்குக் கடன் இல்லை. இல்லாத கடனை அவள் கட்டிவிட்டாள். இருந்த கடனை என் தாய் கட்டவில்லை. அன்று முதல் அம்மா வீட்டில் வேளாங்கண்ணி என்ற பேச்சையே எடுப்பதில்லை. முடிச்சை மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

பாதிரியார் சற்று நேரம் பேசவில்லை. "அந்த விதியைத் தப்பாச் சொல்லலே நான்" என்றார் பிறகு. "தெரியும், ஃபாதர்" என்றேன்.

நான் தங்கிய விடுதியில் கணக்கெழுதுகிறவர் உள்ளூர்க்காரர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி அவராகவே தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் குளித்துக்கொண்டும், குழந்தைகளை விளையாட விட்டுக்கொண்டும் இருந்த நேரம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோன நாள் அது. "ஆனா கோயிலுக்குள்ளே தண்ணி ஏறலே, ஸார். அதான் மாதா!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் தகப்பனாரின் பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கரையில் செத்தவர்கள் யாரிடம் வந்தவர்கள்? கடனைக் கட்டிவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போனவர்கள் அல்லவா? நல்லவேளை, கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "நாலு நாள் பொணம் தூக்கினேன், ஸார். எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் தெரியாது. கையிலே கட்டின கயித்தைப் பார்த்துத்தான் நேர்ச்சைக்கு வந்தவங்கன்னு தெரியும். நாகூர்ப் பக்கத்துப் பாய்மாருங்க வந்தாங்க. குழி வெட்டறதிலிருந்து எல்லாம் கூடவே செஞ்சாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் எனக்குச் சோறு இறங்கலே."

அதிசயத்தைப் பற்றிப் பெருமை பேசிய வாயும் பிணம் தூக்கிய தோளும் ஒரே மனிதருடையவை. அவருக்கு அதில் முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. நானோ ஒரு பிணத்தையும் தூக்கவில்லை. அந்த வாரம் பத்திரிகையில் உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினேன்.

மறுநாள் விடியற்காலை மொட்டை போடும் இடத்துக்குப் போனேன். பிள்ளைகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நாவிதர் என் பின்னால் பார்த்தார்.

"குழந்தை எங்கே, ஸார்?"

"நான்தான். ஏழு வயசிலே நேர்ந்தது."

அவர் என் தலையைத் தண்ணீர்விட்டுத் தேய்த்தார். "பையன் நரைச்சுப் போயிட்டானே, ஸார்" என்றார்.

கத்தி ஓடும்போது எனக்கு ஆலமரத்தடிப் பையன் நினைவு வந்தது. அவன் கொடுத்தது அவனுடைய பால் அல்லவே, எசமானருடைய பால். பிறத்தியார் சொத்தை எடுத்து வாரி வழங்கியவன் அவன். சட்டத்தில் அதற்கு வேறு பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அந்த இரவில் என் தாய் கையில் கொடுப்பதற்கு என்ன இருந்தது? நகை இல்லை, நிலம் இல்லை, கணவன் பார்க்கச் சம்பளத்தைத் தொட முடியாது. எதிரே ஒரு பிள்ளையின் தலை இருந்தது. அதில் முடி இருந்தது. அது அவளுடையதுதானா என்று அவள் யோசித்திருக்க மாட்டாள். ரோகிதனோடு சேர்ந்து நான் பேசின நியாயத்தை அவளிடம் போய்ச் சொல்லியிருந்தால், என்ன பேசுகிறான் இவன் என்று விளங்காமல், ஜுரம் விட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு கோயிலுக்குள் போனேன். மாதாவுக்குப் பட்டுச் சேலை சாத்தியிருந்தார்கள். கொங்கணியோ மராத்தியோ, எனக்குப் புரியாத ஒரு பாஷையில் பூசை நடந்துகொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்து நாணயத்தை உண்டியலில் போட்டேன். பிரார்த்தனை என்று எதுவும் தோன்றவில்லை. அந்தப் பையனின் பெயரை நினைவுபடுத்திக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை.

வீடு திரும்பியபோது தகப்பனார் திண்ணையில் இருந்தார். என் தலையைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"முடிச்சை அப்படியே போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"காசை மட்டும் போட்டேன். துணி இருக்கு."

கையை நீட்டினார். கொடுத்தேன். மஞ்சள் நிறம் எப்போதோ போய்விட்ட அந்தத் துணியை நாலாக மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

"ரெண்டு நாளைக்கு வெயில்ல தலையைக் காட்டாதே" என்றார்.